பையன் குவாலிஃபைடு!

நீட் ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் தெருவில் லட்டு டப்பாவோடு வருகிறவரிடம் மார்க் கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டார். "பையன் குவாலிஃபைடு!" என்பார், அவ்வளவுதான். கொஞ்சம் வற்புறுத்தினால்தான் விஷயம் வரும். 2025இல் ஓ.பி.சி. பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 113; பையன் வாங்கியது 121. "எட்டு மார்க் கூடவே எடுத்திருக்கான் சார்."

113 என்றால் நூற்றுக்குப் பதினாறுகூட இல்லை. பிளஸ் டூ பாஸாக 35 வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் முனகினால், "அது ஸ்டேட் லெவல், இது நேஷனல் லெவல்" என்று ஒரே போடு. அந்த வருஷம் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல், நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.2 லட்சம் என்ற கணக்கும் அவரை அசைக்காது. "நமக்கு வேண்டியது ஒரே ஒரு சீட்டுத்தானே?"

பையன் பயாலஜி படித்தானோ இல்லையோ, அப்பா கவுன்சலிங்கைக் கரைத்துக் குடித்துவிட்டார். கையில் எப்போதும் ஒரு ஃபைல். அதில் ஜாதிச் சான்றிதழ் ஏழெட்டு ஜெராக்ஸ், போன வருஷக் கட்-ஆஃப் பட்டியல், மஞ்சள் பேனாவால் கோடிழுத்த ஒரு பேப்பர் கட்டிங். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டுக்குத் தகுதிப் பெர்சன்டைலை மத்திய அரசு பூஜ்ஜியமாக்கிய செய்தி அது. இடங்கள் காலியாகக் கிடந்தன, பரீட்சை எழுதியவர்கள் எல்லோரும் தகுதி பெற்றார்கள். "பி.ஜி.க்கே ஜீரோன்னு விட்டுட்டான். யு.ஜி.க்கு விடாமலா போயிடுவான்?" அந்தக் கட்டிங்கை அவர் லேமினேட் செய்யாததுதான் பாக்கி.

மேனேஜ்மென்ட் கோட்டா கட்டணத்தைக் கேட்டதும் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். மறுநாள் என்.ஆர்.ஐ. கோட்டா ஞாபகம் வந்தது. கட்டணம் அதைவிட அதிகம் என்பது உறைக்கவில்லை, கட்டப்போவது சொந்தக்காரன்தானே! 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 சதவீதம் வரை அனுமதித்த கோட்டா அது. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்காகச் சண்டை போட்டுப் பிரிந்த ஷார்ஜா மச்சானுக்கு உடனே போன் போகிறது. "மாப்ள, சௌக்கியமா? அங்க வெயில் எப்படி?" அரை மணி நேரம் வெயிலையே பேசியதில் மச்சான் உஷாராகி, "இங்க சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டார்.

இப்படிச் சொந்தம் தேடுவது இவர் மட்டும் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2024இல் பஞ்சாப் அரசே மாமா, அத்தை, தாத்தா, ஒன்றுவிட்ட உறவு வரைக்கும் அந்தக் கோட்டாவை விரித்து அறிவிக்கை போட்டது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்பீலுக்குப் போன இடத்தில் உச்ச நீதிமன்றம் 'மோசடி' என்றே சொல்லித் தள்ளுபடி செய்தது. சீமந்தத்துக்குக் கூப்பிடாத சித்தப்பாவை சீட்டுக்குக் கூப்பிடுவதற்கு வேறென்ன பெயர் வைப்பது?

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை, ஏ.சி. ஹோட்டல் ஹாலில் இலவச செமினார். டை கட்டிய இளைஞர் ஜார்ஜியாவையும் கிர்கிஸ்தானையும் படத்தில் காட்டுகிறார். அப்பா கை தூக்குகிறார். "அங்க சாம்பார் கிடைக்குமா தம்பி?"

"இண்டியன் மெஸ்ஸே இருக்கு சார்."

திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் அம்மா, காலையிலிருந்து வாயே திறக்காதவர், மெதுவாகக் கேட்டார். "படிச்சுட்டு வந்தா இங்க இன்னொரு பரீட்சை உண்டாமே?"

உண்டு. எஃப்.எம்.ஜி.இ. என்று பெயர், 300க்கு 150 எடுக்க வேண்டும். பெரும்பாலும் பாஸானவர்களைவிடத் தவறியவர்களே அதிகம். "அதெல்லாம் ஃபார்மாலிட்டி மேடம்" என்று இளைஞர் அவசரமாக அடுத்த ஸ்லைடுக்குத் தாவினார். அதில் பனி பெய்துகொண்டிருந்தது. "ஏங்க, இவனுக்கு ஃபேன் காத்தே ஒத்துக்காதே" என்றார் அம்மா.

ஆகவே இப்போதைக்கு ரிப்பீட்டர் பேட்ச். பையன் முகம் வாடியபோது அப்பா ஃபைலிலிருந்து இன்னொரு தாளை உருவினார். நீட் எழுத உச்ச வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 2020இல், 64 வயதில், எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறார். "அவசரமே இல்லடா!"

"அப்ப நீங்களே எழுதலாமே சார், இவ்வளவு விவரம் தெரிஞ்சிருக்கே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுதலாம்தான்... நான் காமர்ஸ் குரூப்பாச்சே."