லட்சியம் எந்த செமஸ்டரில் வரும்?

கேள்வி: ‘உன் லட்சியம் என்ன?’ என்று வகுப்பில் கேட்டார்கள். ‘பிளேஸ்மென்ட்’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னது தப்பா?
(பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

பதில்: தப்பே இல்லை. கல்விக்கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டில் முதல் சம்பளம் பெரிய விஷயம். ஆனால் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த மறுநாளே இந்த லட்சியம் தீர்ந்துவிடுமே, அப்புறம்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் டேமன் இளைஞர்களின் வாழ்க்கை நோக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நோக்கம் என்றால் அது உங்கள் மனசுக்கு முக்கியமாகப் பட வேண்டும், உங்களைத் தாண்டி இன்னொருவருக்கும் உதவ வேண்டும் என்கிறார். முதல் பாதி உங்களிடம் இருக்கிறது. இரண்டாவது பாதியை ஜூனியர் ஒருவனுக்கு மேத்ஸ் சொல்லிக்கொடுத்துக்கூட ஆரம்பிக்கலாம்.

கேள்வி: ‘டியூட்டர்-வார்டு’ என்று ஆளுக்கு 25 பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறார்கள். நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி. இதில் எங்கே குணத்தை வளர்ப்பது?
(கல்லூரி ஆசிரியை, ஈரோடு)

பதில்: அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க், அரியர், அப்பாவின் செல் நம்பர், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். எல்லாப் பிள்ளைக்கும் அதில் ‘முயற்சி தேவை’ என்றுதான் இருக்கும். உங்களைக் குறை சொல்ல மாட்டேன்; பாடமும் பேப்பர் திருத்தலும் போக உங்களுக்கு நேரம் ஏது? இருந்தாலும் 25 பேரையும் ஒன்றாக உட்காரவைத்து அறிவுரை சொல்வதை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர். கேன்டீன் வரை கூட நடந்தால் போதும். ‘ஒழுங்காகப் படிக்கிறாயா?’ வேண்டாம். ‘வீட்டில் உன்னை நம்பி என்ன வேலை விடுவார்கள்?’ என்று கேளுங்கள். விடிகாலையில் பூக்கட்டிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கிறவளும், சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறவனும் அந்த 25 பேருக்குள்தான் இருக்கிறார்கள். கேட்டதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் அங்கிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள். தான் சொன்னதை மிஸ் மறக்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை, தப்பு செய்தாலும் உங்களிடம்தான் முதலில் வந்து சொல்லும்.

கேள்வி: குணத்துக்கு மார்க் போட முடியுமா?
(வாசகர், கரூர்)

பதில்: போட்டால் அதற்கும் கைடு வந்துவிடும். ஹாஸ்டல் மெஸ்ஸில் கடைசிப் பந்திக்குக் குழம்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற பிள்ளையைக் கவனியுங்கள், போதும்.

கேள்வி: எனக்கு ஐந்து அரியர். ‘ராமானுஜனே ஃபெயில் ஆனவர்தான்’ என்று தேற்றுகிறார் மாமா. இதில் என்ன ஆறுதல்?
(மாணவர், கும்பகோணம்)

பதில்: மாமா பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்தார் ராமானுஜன். கணக்கைத் தவிர எதையும் கவனிக்காததால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. மீதிக் கதை இது: அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அசந்துபோன வி. ராமசாமி ஐயர், அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் செலவுக்குப் பணம் தந்தார். 1912-ல் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை; அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் கூட உட்கார்ந்து கணக்குப் போட்டார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது அதற்கும் பிறகு, 1913-ல். ஃபெயில் ஆனதில் பெருமை ஒன்றுமில்லை, தம்பி. ஃபெயில் ஆன பிறகும் நோட்டைத் தூக்கிக்கொண்டு நாலு பேரிடம் போனாரே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அந்தப் பாடம் நடத்துகிறவரின் அறைக்குப் போங்கள். மாமா ராமச்சந்திர ராவாக இருந்து அரியர் ஃபீஸ் கட்டட்டும்.

கேள்வி: என்.எஸ்.எஸ்.-ல் சர்டிஃபிகேட்டுக்காகத்தானே சேர்கிறார்கள்?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்)

பதில்: எதற்காகவாவது சேரட்டும் ஐயா. காந்தி நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் முகாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, ஐம்பது பேருக்கு வெங்காயம் உரித்து, ஒரே அடிபம்பில் வரிசை கட்டிக் குளிக்கும்போது, தான் யார் என்று அவனவனுக்கே தெரிந்துவிடும். என் வருத்தம் வேறு. முகாமில் நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? தத்தெடுத்த ஊருக்கு மாதம் ஒருமுறை நாலு பேராவது போய்வரட்டும்.

கேள்வி: ரூம்மேட் ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறான். நான் என்ன செய்ய?
(முதலாண்டு மாணவர், கோவை)

பதில்: இன்று ராத்திரி இரண்டு பார்சல் வாங்கிப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், பேசினால் கேளுங்கள், பேசாவிட்டாலும் எழுந்து போகாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நீங்களே போன் போட்டு அவன் கையில் கொடுங்கள். ‘செத்துப்போயிடலாம் போலிருக்கு’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ரகசியம் காக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல் வார்டனையும் வீட்டாரையும் அப்போதே கூப்பிடுங்கள். கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும்.