சிகிச்சை அறையில் ஒரு தலைசிறந்த அணி

இங்கிலாந்துக் கால்பந்தின் உயர்நிலைத் தொடரான பிரீமியர் லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிவடைவது. அதன் முதல் ஏழெட்டு வாரங்களில் ரசிகரின் கைக்கு இரண்டு பட்டியல்கள் வந்து சேர்கின்றன. வெற்றிக்கு மூன்று, சமநிலைக்கு ஒன்று என்று கணக்கிட்டு அணிகளை வரிசைப்படுத்தும் புள்ளிப் பட்டியல் முதலாவது. எந்த வீரருக்கு எந்த உறுப்பில் என்ன கோளாறு, அவர் எப்போது திரும்புவார் என்பதைக் கூறும் காயப் பட்டியல் இரண்டாவது. தம் அணி மேலே இருக்கும் வரை ரசிகர் முதலாவதை மட்டுமே படிக்கிறார். அணி சரியத் தொடங்கியதும், 'இப்போதுதானே ஆரம்பம்' என்று அதை மடித்து வைத்துவிட்டு இரண்டாவதை வேதமாக ஓதத் தொடங்குகிறார். இந்த ஓதுதலில் வடக்கு லண்டனின் ஆர்சனல் கழகத்து ரசிகர்கள் அடைந்த தேர்ச்சியை வேறெவரும் எட்டியதில்லை என்பதற்கு, 2011ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்க வாரங்களே போதிய சான்றாகும்.

காயப் பட்டியலை வேதமாகக் கொள்வோரின் மூலக் கோட்பாடு எளிமையானது: களத்தில் இல்லாத வீரர் தவறு செய்வதில்லை. களத்தில் இருப்பவர் பந்தைத் தவறான காலுக்குத் தட்டுகிறார், எதிரியைத் தப்பவிடுகிறார், திறந்து கிடக்கும் கோலுக்கு மேலே வானத்தைக் குறிவைக்கிறார். கட்டுப்போட்ட கணுக்காலுடன் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பவரோ இவற்றில் எதையும் செய்வதில்லை என்பதால், வாரத்துக்கு வாரம் அவருடைய திறமை வளர்ந்துகொண்டே போகிறது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாள் என்பது பழமொழி. கால்பந்து ரசிகர் அவ்வளவு எளிதில் மேடையைப் பழிப்பவரல்லர், ஆடத் தெரிந்தவள் சுளுக்குப் பிடித்து வீட்டில் படுத்திருக்கிறாள் என்பதே அவருடைய வாதம். மேடையின் கோணலை அளந்து பார்த்துவிடலாம் என்பதால், வாதத்தின் உறுதியைக் கருதினால் ரசிகரே கெட்டிக்காரர்.

இக்கோட்பாட்டைப் பின்பற்றுவோர் உடற்கூற்றியலிலும் தானாகவே புலமை பெறுகின்றனர். ஹாம்ஸ்ட்ரிங் எனப்படுவது தொடையின் பின்புறம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஓடும் தசைத்தொகுதி. வீரர் முழு வேகத்தில் ஓடும்போது நீளவும் இறுகவும் ஒரே நொடியில் கட்டளை பெறுவதால் அது அடிக்கடி கிழிகிறது, தொழில்முறைக் கால்பந்தில் மிகுதியாகக் காணப்படும் காயமும் அதுவே. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பான யுஏஃபா 2001 முதல் நடத்திவரும் ஆய்வு, 25 பேர் கொண்ட ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் சுமார் 50 காயங்கள் நேரக்கூடும் என்கிறது. அதாவது காயம் என்பது கூரையில்லா மைதானத்தில் பெய்யும் மழை போன்று எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் புள்ளிவிவரத்தை மிக மதிக்கும் ரசிகர்கூட இந்த ஓர் எண்ணை மட்டும் ஏற்றுக்கொண்டதாக வரலாறில்லை, ஏனெனில் ஏனைய அணிகளுக்கு நேர்பவை காயங்கள், தம் அணிக்கு நேர்பவை சோதனைகள்.

2011இல் வந்த சோதனை முறையாக, படிப்படியாக வந்தது. முந்தைய பருவத்தில் 49 ஆட்டங்களில் ஆடிய 19 வயது ஜாக் வில்ஷேர், ஜூலை இறுதியில் நடந்த ஒரு நட்புமுறை ஆட்டத்தில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சில வாரங்களில் சரியாகிவிடும் என்று சொல்லப்பட்ட அந்தக் கணுக்காலில், ஓயாத உழைப்பால் எலும்பில் மயிரிழைபோல் விழும் அழுத்த முறிவு இருந்தது பின்னர் தெரியவந்தது, அவர் மீண்டும் களமிறங்கியதோ 2012 அக்டோபரில். ஆகஸ்டில் அணித்தலைவர் செஸ்க் ஃபாப்ரிகாஸ் பார்சிலோனாவுக்கும் சமீர் நஸ்ரி மான்செஸ்டர் சிட்டிக்கும் விற்கப்பட்டனர். ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் தொடரின் தகுதிச்சுற்றில் இத்தாலியின் உடினேசே அணியை எதிர்த்து ஆடியபோது இடப்புறத் தற்காப்பாளர் கியெரன் கிப்ஸ் காயமுற, மாற்றாக வந்த யோஹான் ஜூரூவும் காயமுற, அவருக்கும் மாற்றாக ஒருவரை அனுப்ப வேண்டியதாயிற்று. காயத்துக்குத் தப்பிய அலெக்ஸ் சாங், ஜெர்வீனோ, இமானுவேல் ஃப்ரிம்பாங் ஆகிய மூவரும் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கி ஆடத் தடை பெற்றனர். காயம், நோய், தடை, விற்பனை என்று ஒரு மனிதர் வேலைக்கு வராமலிருக்க உலகில் எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் அந்த அணி பதினைந்தே நாள்களில் முயன்று பார்த்துவிட்டது எனலாம்.

எஞ்சியவர்களைத் திரட்டிக்கொண்டு மேலாளர் ஆர்சேன் வெங்கர் ஆகஸ்ட் 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துக்குச் சென்றார். அந்தக் கோடையில்தான் கழகத்துக்கு வந்த கார்ல் ஜென்கின்சன் வலப்புறத்தில் நின்று, பின்னர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். நடுக்களத்தில் பிரான்சிஸ் கோக்கலனுக்கு அதுவே முதல் லீக் ஆட்டம். ஆர்சனலின் ராபின் வான் பெர்சி அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் தடுத்தார். யுனைடெட்டின் வெய்ன் ரூனி மூன்று கோல்கள் அடித்தார். ஆட்டம் 8-2 என்று முடிந்தது. ஆர்சனல் ஒரே ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கியது 1896க்குப் பிறகு அதுவே முதன்முறை. மைதானத்துக்குப் பயணம் செய்திருந்த தன் ரசிகர்களுக்குக் கழகம் வேறொரு வெளியூர் ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டை இலவசமாகத் தர முன்வந்தது; நோயாளிக்கு அதே மருந்தை மறுபடியும் கொடுக்கும் இந்தச் சிகிச்சைமுறை மருத்துவ நூல்களில் இடம்பெறத் தக்கது.

எட்டு கோல்களுக்கும் காயப் பட்டியலே காரணம் என்பது அன்று மாலையே நிறுவப்பட்டுவிட்டது. வில்ஷேர் இல்லை, வெர்மாலன் இல்லை, சான்யா இல்லை, கிப்ஸ் இல்லை, தியாபி இல்லை. அவர்கள் இருந்திருந்தால் நிலைமையே வேறு. இவ்வாதத்தில் ஒரேயொரு சிறு இடைவெளி உண்டு. யுனைடெட்டின் முதன்மை மையத் தற்காப்பாளர்களான நெமான்யா விடிச்சும் ரியோ ஃபெர்டினாண்டும் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே காயமுற்றிருந்தனர். அன்று அவர்களுடைய இடத்தில் ஜானி எவன்ஸும் இளைஞர் ஃபில் ஜோன்ஸும் நின்றனர். ஆர்சனல் ரசிகரிடம் இதை எடுத்துக்காட்டினால் அவர் சற்றும் தயங்குவதில்லை: அவ்விருவரும் இல்லாததால்தான் ஆர்சனலால் இரண்டு கோல்கள் அடிக்க முடிந்தது என்று விளக்குவார். நடப்பவை அனைத்தையும் காயத்தால் விளக்கிவிடும் ஒரு கோட்பாடு, அதற்கு எதிரான சான்றையும் தன் வயிற்றுக்குள் வைத்துச் செரித்துக்கொள்கிறது.

வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கப்படும் காலம் ஆகஸ்ட் 31 அன்று முடிவடைந்தது. அதன் கடைசி இரு நாள்களில் மிக்கேல் ஆர்டெட்டா, பெர் மெர்டசாக்கர் உள்ளிட்ட ஐவர் அவசரமாக அழைத்துவரப்பட்டனர். ஆயினும் ஏழு ஆட்டங்கள் முடிந்த நிலையில் அணியிடம் ஏழே புள்ளிகள் இருந்தன. ஏழாவது ஆட்டத்தில் சான்யாவின் கால் முறிந்தது. ஆனால் ரசிகரின் பற்றுக்கோடு இந்தப் புதியவர்கள் அல்லர், அபூ தியாபியே. 2006இல் வந்து அதே ஆண்டு கணுக்கால் முறிந்த இந்தப் பிரெஞ்சு வீரர், 2015இல் விடைபெறும் வரை மொத்தம் 180 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். குணமாகித் திரும்பும் வீரர் 'புதிதாக ஒருவரை வாங்கியதற்குச் சமம்' என்பது ஆர்சனல் ரசிகர்கள் தம் கழகத்தையே கிண்டல் செய்யப் பயன்படுத்திய தொடர். அக்கணக்கின்படி தியாபி ஒருவரையே அக்கழகம் எத்தனையோ முறை, செலவில்லாமல், புத்தம் புதிதாக வாங்கியிருக்கிறது. 2012 செப்டம்பரில் லிவர்பூலுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டம் இந்த நம்பிக்கை முற்றிலும் மூடநம்பிக்கை அல்ல என்று காட்டியது. அந்த மாதம் முடிவதற்குள் செல்சிக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

இத்தகைய அணியில் காயமின்றி ஒருவர் இருந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வான் பெர்சியின் வரலாறு விடை தருகிறது. 2009இல் கணுக்காலில் அடிபட்டபோது பெல்கிரேடுக்குச் சென்று நஞ்சுக்கொடிச் சிகிச்சை பெற்றவர் இவர். அது குதிரையினுடையது என்று நாளிதழ்கள் மகிழ்ச்சியோடு எழுதின. ஏழு பருவங்களில் ஒன்றில்கூட 28 லீக் ஆட்டங்களைத் தாண்டாத இவர், 2011-12இல் மட்டும் 38 ஆட்டங்களிலும் ஆடி 30 கோல்கள் அடித்து, சரிந்து கிடந்த அணியை மூன்றாம் இடத்துக்கு இழுத்துச் சென்றார். ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வேண்டிய வரம் கிட்டியது. ஆனால் நல்ல உடல்நிலையில் உள்ள வீரரின் மீது பிறர் கண் படும் என்பதை எவரும் எண்ணிப்பார்த்திருக்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் அவர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். 2013 ஏப்ரலில் தம் கோல்களால் அந்த அணிக்குப் பட்டத்தை வென்று கொடுத்துவிட்டு அவர் லண்டனுக்கு ஆட வந்தபோது, பட்டம் வென்ற அணிக்கு எதிரணியினர் இரு வரிசையாக நின்று கைதட்டும் வழக்கப்படி, ஆர்சனல் வீரர்கள் அவருக்காக வரிசையில் நிற்க நேர்ந்தது. அபூ தியாபி மட்டும் அந்த வரிசையில் இல்லை; முந்தைய மாதம்தான் பயிற்சியில் அவருடைய முழங்கால் இணைப்பு நார் அறுந்திருந்தது.