சாம்பல் கிடைக்காத தெரு: ஓர் ஆராய்ச்சி

ஆய்வுச் சிக்கல்

சனிக்கிழமை காலையில் கைப்பேசியில் அறிவிப்பு வரும்: இந்த வாரம் இன்ன நிறம். அதை மட்டும் படம்பிடித்து வெள்ளி நள்ளிரவுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பரிசு கிடையாது, கட்டைவிரல் மட்டும் உண்டு. கேட்ட நிறத்தைக் கண்டுபிடிப்பதுதான் சவால் என்று போட்டி வைப்பவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு வந்ததில்லை. இங்கே கேட்ட நிறம் வாசலிலேயே நிற்கும். கேட்காத பத்து நிறங்களையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை எப்படி வெளியேற்றுவது என்பதே நம் ஆய்வு.

முன்னோடிகள்

தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற சொற்களுக்கு முதலில் சினம் என்று பொருள் சொல்லிவிட்டு, பிறகுதான் நிறத்தையும் அவை குறிக்கும் என்கிறார். வாராந்திரப் போட்டிக் குழுவில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த வரிசையின் நியாயம் புரியும். 1858-இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி கிளாட்ஸ்டன், ஹோமரின் காவியங்களில் நீலத்துக்குச் சரியான சொல் இல்லையே என்று வியந்து எழுதினார். இங்குள்ள லெபு பசார் தெருவில் ஒரு பட்டுக்கடைப் படியேறியிருந்தால் ஆனந்தா நீலம், மயில்கழுத்து, காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய எம்.எஸ். நீலம் எனப் பிரித்துப் போட்ட சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். பிரதமராகும் நேரம் அவருக்குக் கிடைத்திருக்காது.

களமும் கருவியும்

களம், லெபு பசாரும் லெபு குயினும் லெபு பினாங்கும். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஜோர்ஜ் டவுனின் பகுதி இது. ஆய்வாளர் நின்ற இடம் கடை முகப்பின் அஞ்சடி நடைபாதை. பெயர்தான் அஞ்சடி, பூமாலை, எவர்சில்வர் குடம், மல்லி மூட்டை போக மனிதருக்கு மிஞ்சுவது ஒன்றரை அடி.

கருவி, சாதாரண டிஜிட்டல் கேமரா. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி முறைதான் பெரும்பாலான கேமராக்களின் உள்ளே இருக்கிறது: பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. மஞ்சளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. சிவப்பையும் பச்சையையும் கூட்டித்தான் அது மஞ்சளை ஊகிக்கிறது.

கண்டவை

மஞ்சள் வாரம்: மலேசியாவில் மஞ்சள் அரச நிறம், அரண்மனை விருந்துக்கு அழைக்கப்பட்டவர் அதை உடுத்திப் போவதில்லை. லெபு பசாரில் அதே நிறம் மாரியம்மனுக்கும் பால்குடம் எடுப்பவருக்கும் லட்டுக்கும் பொது. லட்டை நெருங்கிப் படமெடுத்தோம். உள்ளே பச்சைக் கல்கண்டு இருக்கிறதா என்று குழுவில் விசாரணை நடந்தது.

நீல வாரம்: ஒருவர் மயில்கழுத்துச் சேலையை அனுப்ப, அது பச்சை என்று பாதிப் பேர் எழுந்தார்கள். திருமாலைக் கருமை, நீலம், பச்சை என்று மூன்று விதமாகவும் பாடிய மரபில் வந்தவர்கள், விட்டுக்கொடுப்பார்களா? கடைக்கார அக்கா சேலை முந்தானையைச் சற்றே திருப்பி, “பாவு ஒரு கலரு, ஊடை ஒரு கலருண்ணே. நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்களோ அதுதான் கலரு” என்றார். இதைவிடச் சிறந்த கோட்பாடு எதையும் இவ்வாய்வாளர் வாசித்ததில்லை.

வெள்ளி வாரம்: தைப்பூசத் தேரும் வெள்ளி, போட்டி முடியும் கிழமையும் வெள்ளி, ரிங்கிட்டும் நமக்கு வெள்ளிதான். ஒரு வெள்ளி நோட்டைப் படமெடுத்தவர் தோற்றார். அந்த நோட்டு நீலம்.

சாம்பல் வாரம்: இங்குதான் ஆய்வு தடுமாறியது. கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் சராசரியில் நடுச்சாம்பல் என்றே நம்பி அளக்கிறது. அதாவது கேமராவின் மதப்படி உலகமே சாம்பல். அப்படிப்பட்ட கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு நாள் அலைந்தும் சாம்பல் அகப்படவில்லை. புறாவைப் பிடித்தால் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னின. தார்ச் சாலையில் வெற்றிலைச் சாறு. கழுத்தில் சாம்பல் பட்டை போட்ட காகம் ஒன்று விளம்பரப் பலகையில் வந்து உட்கார்ந்தது. பாட்டியிடம் வடை திருடிய பரம்பரை. இதன் வாயில் ஜிலேபி.

முடிவு

வெள்ளி மாலை, லெபு குயினில் 1833 முதல் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலுக்குள் போனோம். சாம்பல் என்பதே ஒரு பொருளின் பெயர், நிறம் அதனிடம் இரவல் வாங்கியது என்பது அப்போதுதான் உறைத்தது. குருக்கள் உள்ளங்கையில் திருநீறு வைத்தார். ஆறு நாள் தேடியது கையிலேயே இருந்தது. கேமராவை மறுகையால் எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, கோணம் பார்ப்பதற்குள் குருக்கள் திருநீற்றின் நடுவில் ஒரு சிட்டிகைக் குங்குமத்தையும் வைத்துவிட்டார்.

படத்தை அப்படியே அனுப்பினோம். ஒரு கட்டைவிரலும் விழவில்லை. மறுநாள் காலை அறிவிப்பு வந்தது: இந்த வாரம் சிவப்பு. அதே படத்தை மறுபடி அனுப்பினோம்.