மரை கழண்ட கேள்விகள்

கே: அப்பாவின் 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இப்போது என் கையில். ரிம் நாலும் துருப்பிடித்துப் போச்சு. அலாய் வீல் போட்டு அதை ஸ்போர்ட்ஸ் காராக்கிவிடலாமா?
(வாசகர், வித்துரா)

ப: பாதி வேலை 1962-லேயே முடிந்துவிட்டது. உங்கள் ஹெரால்டு மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கட்டியது; அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைத்தான் இங்கிலாந்துக்காரர்கள் நீளம் குறைத்து, மேலே இரண்டு சீட்டு வைத்து, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று விற்றார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. வீல் உட்காரும் ஹப்பும் ஒரே அளவு. ஆகவே ஸ்பிட்ஃபயருக்கென்று செய்த வீல் எதுவும் உங்கள் வண்டியில் உட்காரும். உட்கார்வது வேறு, ஓடுவது வேறு. அதற்குத்தான் கீழே இத்தனை கேள்விகள்.

கே: “நாலு ஓட்டை தானே சார், எந்த நாலு ஓட்டை வீலும் ஏறும்” என்கிறார் டயர் கடைக்காரர். சரியா?
(வாசகர், மார்த்தாண்டம்)

ப: நாலு கால் இருப்பதெல்லாம் மாடு என்று சொல்கிறவரிடம் பால் வாங்காதீர்கள். எதிரெதிர் ஸ்டட் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். ஹெரால்டில் 95.25 மில்லிமீட்டர் வரும், பழைய கணக்கில் மூன்றே முக்கால் அங்குலம். மாருதி 800-க்கு 114.3. இது கிட்டவே வராது, அதனால் ஆபத்தும் இல்லை. ஆபத்து 98-ல் இருக்கிறது. ஃபியட் வழி வந்த பல வீல்களின் அளவு அது. ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்தான். நட்டின் கூம்பு ஸ்டட்டை லேசாக வளைத்து இழுத்துக்கொள்ளும், கடைக்காரர் “பாத்தீங்களா, ஏறிடுச்சு” என்பார். வளைந்த ஸ்டட் ஒடியும். எந்த வளைவில் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

கே: அகலமான டயர் போட்டால் பொன்முடி ரோட்டில் பிடிப்பு கூடுமே?
(வித்துரா வாசகரே, இன்னொரு கடிதத்தில்)

ப: கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள். வேறு காராக இருந்தால் ‘ஆமாம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரித்திருப்பேன். ஹெரால்டின் பின்பக்கம் வேறு ஜாதி. இரண்டு பின்சக்கரங்களும் டிஃபரென்ஷியல் பக்கத்தில் மட்டும் மூட்டு உள்ள அரை ஆக்ஸிலில் தொங்குகின்றன. மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். இறக்கத்தில் வேகமாக வளைவுக்குள் நுழைந்து, பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டீர்கள் என்று வையுங்கள். வண்டியின் பின்பகுதி தூக்கும். வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும், டயரின் ஓரம் மட்டும் தார் மேல் நிற்கும். வால் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்துவிடும். இதில் வேடிக்கை, டயர் நன்றாகப் பிடிக்கப் பிடிக்க, பின்பகுதி தூக்குவதும் கூடும்! ட்ரையம்ஃப்காரர்களே கடைசியில் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றித்தான் இதை அடக்கினார்கள்.

எனவே பேராசை வேண்டாம். ஒரிஜினல் ரிம் மூன்றரை அங்குல அகலம். அதற்கு 145 டயர் போதும். 155/80 R13 வேண்டுமானால் ரிம் குறைந்தது 4 அங்குலம் இருக்கட்டும். நான் சொல்வது நாலரை அங்குல இரும்பு ரிம், 155 டயர், வெள்ளி நிறப் பெயின்ட். அந்த டயர் வேகன்-ஆருக்கும் போவதால் எந்த ஊரிலும் கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் உயரம் 578 மில்லிமீட்டர். அழகுக்காக 165/65 R13 போட்டால் 545 ஆகிவிடும், ஸ்பீடாமீட்டர் ஆறு சதவீதம் பொய் சொல்லும், வண்டியும் வேகத்தடையில் வயிறு தேய்க்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ‘2316’ என்றிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கே: வீல் வெளியே தள்ளி நின்றால் கம்பீரமாக இருக்கிறது. ஸ்பேசர் வைக்கலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

ப: கம்பீரம் வெளியே, பாரம் உள்ளே. சக்கரம் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுக்கு பேரிங்கையும் மெலிந்த ஸ்டப் ஆக்ஸிலையும் நெம்புகோல் போல நெம்பும். அதோடு முன்சக்கரம் திரும்புகிற அடிமூட்டில் ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது, ட்ரனியன் என்பார்கள். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். நம் ஒர்க்‌ஷாப்பில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னைச் சொருகிவிடுவார்கள். கிரீஸ் அந்த மரைக்குள் சரியாகப் போகாது. உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். ஒருநாள் சக்கரம் மடிந்து படுத்துக்கொள்ளும். புது வீலுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் இதைப் பாருங்கள்.

கே: புது வீல் ஃபெண்டரில் உரசுமா என்று எப்படிப் பார்ப்பது? பானட்டைத் திறந்தால் எல்லாம் தெரிகிறதே.
(வாசகர், நெடுமங்காடு)

ப: அங்கேதான் ஹெரால்டு ஆளை ஏமாற்றும். பானட் முன்னோக்கித் திறக்கும்போது இரண்டு ஃபெண்டரும் கூடவே எழுந்து போய்விடும். திறந்திருக்கிறவரை எதுவும் உரசாது, உரச ஒன்றும் இல்லை! ஃபெண்டரின் உள் விளிம்பில் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, பானட்டை மூடி, கனமான சொந்தக்காரர்கள் இருவரை ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மேடு பள்ளத்தில் ஓட்டுங்கள். டயரில் வெள்ளைக் கோடு விழுந்தால் ரிம் தப்பு.

கே: கம்பி வீலின் நடு நட்டு ஒருபக்கம் கழல்கிறது, மறுபக்கம் இறுகிக்கொண்டே போகிறது. மரை கழண்டது நட்டுக்கா எனக்கா?
(வாசகர், கொழும்பு)

ப: இருவருக்கும் இல்லை. வண்டியின் வலப்பக்கம் எதிர் மரை. பல்வரிசை ஹப் உள்ள எம்.ஜி. போன்ற வண்டிகளில் சக்கரம் முன்னால் உருளும் திசையில் தட்டினால் நட்டு கழலும். செம்புச் சுத்தியல் எடுங்கள், இரும்பு வேண்டாம். கம்பி வீலுக்கு ட்யூப் கட்டாயம், கம்பி முனை ஒவ்வொன்றின் வழியாகவும் காற்றுப் போகும். மலையடிவார மழையில் குரோமியத்தைவிடப் பெயின்ட் அடித்த கம்பியே மேல்.

கே: வீல் மாற்றினால் மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் பிடிப்பார்களா?
(மறுபடியும் வித்துரா)

ப: கேரளத்தில் இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை இன்னும் இறுக்கியது, அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். 2021-ல் வந்த விண்டேஜ் விதி 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்தோடு பதிவு தருகிறது. சேஸி, பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பதிவை வாங்கினால் தினசரி ஓட்டக் கூடாது, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கும் விடக் கூடாது. ஒரிஜினலை ஒட்டிய இரும்பு ரிம்முக்கு நான் ஓட்டுப் போடுவதில் இதற்கும் பங்கு உண்டு.

கே: நட்டு எவ்வளவு முறுக்கலாம்?
(வாசகர், திருநெல்வேலி)

ப: ஹெரால்டின் ஸ்டட் எட்டில் மூன்று அங்குலம், சுண்டுவிரலைவிட மெலிசு. சுமார் 55 நியூட்டன்-மீட்டர் போதும். ஏர் கன்னைக் கடைக்காரர் கையிலிருந்து அன்போடு வாங்கி வைத்துவிட்டு டார்க் ரெஞ்ச் எடுங்கள். முதலில் கையால் திருகுங்கள், குறைந்தது ஒன்பது சுற்று ஏற வேண்டும். அதற்குள் நின்றால் அலாய் தடிமன், ஸ்டட் குட்டை. 70, 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். வித்துராவிலிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்பினால் கணக்கு சரி.

கே: என்ன சொன்னாலும் அலாய்தான். பழைய ரிம்மையும் நட்டையும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?
(வித்துரா, விடுவதாக இல்லை)

ப: ஸ்டெப்னி இன்னும் இரும்பு ரிம்தானே? அலாய்க்கு வந்த நீள நட்டு பெரும்பாலும் அதில் உட்காராது. பழைய நட்டு நாலை ஒரு துணியில் முடிந்து டிக்கியில் போடுங்கள். பதினெட்டாவது வளைவில் மழையும் பங்சரும் சேர்ந்து வந்தால், அங்கே நட்டுக்கடை கிடையாது.