கருத்துள்ள மனுசன்

தேர்தல் வந்துவிட்டால் கிராண்ட்பாஸில் கருத்து இல்லாமல் நடமாட முடியாது. சலூனில் கேட்பார்கள், த்ரீவீல் பார்க்கில் கேட்பார்கள், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் கட்டாயம் கேட்பார்கள். பொருளாதாரம் கதைக்க ஐ.எம்.எஃப். விளங்க வேண்டும். இனப்பிரச்சினை கதைக்கத் தைரியம் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லாததால் நான் கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அதுவும் அடுத்தவர் கல்யாணம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்வதை நான் வன்மையாக எதிர்த்தேன். இலங்கையில் அப்படிக் கட்டிக்கொள்ளச் சட்டத்தில் இடமே இல்லை. யாரும் எனக்குக் கார்ட் அனுப்பவும் இல்லை. அழைக்காத விருந்துக்கு வரமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு அதற்கான தகுதி இருப்பதாகத்தான் நினைப்பு. ஞாயிறு பூசை தவறாது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார். கோயிலில் முதல் வாசகம் வாசிக்கிறவன். பழைய ஏற்பாட்டுப் பெயர்களை நாக்குத் தடுமாறாமல் சொல்வான் என்று ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயர்களுக்குரிய பெரியவர்கள் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகளோடு குடும்பம் நடத்தியதை மட்டும் வாசிக்கும்போது கவனித்ததில்லை.

உண்மையில் என் கருத்து பிறந்தது கோயிலில் அல்ல, நானாவின் ஹோட்டலில். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையில் குண்டு வெடித்த பிறகு அங்கே போய் உட்கார எனக்குக் கூச்சம். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்க அவருக்குக் கூச்சம். லொறி வைத்திருக்கும் மாத்தையா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார். கிரிக்கெட் கொஞ்ச நாள் உதவியது. பிறகு நம் அணி ஆடிய ஆட்டத்தில் அதையும் கதைக்க முடியாமல் போயிற்று.

அந்த நேரத்தில்தான் 2023இல் பிரேம்நாத் சி. தொலவத்த எம்.பி. ஒரு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். ஓரினச்சேர்க்கை சம்பந்தமானது என்று மட்டும் காதில் விழுந்தது. அது போதாதா? நானா குர்ஆனைச் சொன்னார், நான் பைபிளைச் சொன்னேன், மாத்தையா கலாசாரத்தைச் சொன்னார். நீண்ட நாளைக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே வசனம் பேசினோம். எங்களைச் சேர்த்துவைக்க ஒரு எதிரி தேவைப்பட்டிருக்கிறான். எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாத எதிரியாகக் கிடைத்தது இன்னும் வசதி. அன்றைக்கு பிளேன்டீக்கு நானா காசு வாங்கவில்லை.

என் கொள்கைக்கு அரசியல் பின்னணி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணிலையும் அவருடைய ஆட்களையும் வண்ணத்துப்பூச்சிகள் என்று கூட்ட மேடையில் கேலி செய்தார். அர்த்தம் விளங்கிச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன், டீவிக்கு முன்னால். அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பது மேல் என்ற மாதிரி மங்கள சமரவீர திருப்பிக் கொடுத்தார். அதற்கும் சிரித்தேன். என் கொள்கை உறுதி அவ்வளவுதான்.

2021 மார்ச் முதலாம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ, வயது, பால், பாலீர்ப்பு, இனம் எதுவும் பார்க்காமல் எல்லாரும் கண்ணியமாக வாழும் உரிமையை உறுதிசெய்வேன் என்று டுவிட்டரில் எழுதினார். என் கட்சிக்காரர்கள், அதாவது கல்யாணத்தைக் காக்கும் கட்சி, ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கோட்டாபயவுக்கு எதிராக வாய் திறக்க அந்த நாளில் யாருக்கும் அவ்வளவு விசுவாசம் இருக்கவில்லை.

தொலவத்த ஒரு சாதாரண எம்.பி. அவரை எதிர்ப்பதில் ஆபத்தில்லை. ஆகவே யாரோ தயாரித்துக் கொண்டுவந்த கையெழுத்துத் தாளை நான் பொறுப்பெடுத்தேன். என் பெயரில் ஒன்று வைத்தேன். மனைவி சமையலில் இருந்ததால் அவள் பெயரிலும் நானே ஒன்று வைத்தேன். பாடல் குழு இறங்கி வரும் படிக்கட்டுக்குக் கீழே நின்று பேனாவும் கையுமாக மறித்தேன்.

எங்கள் ஆர்கன்காரர் வந்தார். கல்யாணம், ஞானஸ்நானம், திருநாள் எல்லாவற்றுக்கும் அவர்தான் வாசிப்பார். கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதரோடு வருசக்கணக்காக ஒரே வீட்டில் இருக்கிறார். கோயிலில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. தெரிந்தவர்களில் நானும் ஒருவன். அப்படியிருந்தும் தாளை அவரிடம் நீட்டினேன். யோசித்து நீட்டவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் அங்கே நின்றிருக்கவே மாட்டேனே.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரைக்கும் வாசித்தார். அந்தத் தாளை முழுதாக வாசித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். பிறகு பேனாவை மூடித் திருப்பித் தந்து, “மை முடிஞ்சிருக்கு போல, அங்கிள்,” என்றார். முடிந்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர் அதே பேனாவால் பளிச்சென்று கையெழுத்து வைத்தார்.

வீட்டில் மகள் ஒருநாள் கேட்டாள். “டாடி, அந்த சட்டமூலத்தில கல்யாணம் எந்தப் பக்கத்தில இருக்கு?” தேடினால் எந்தப் பக்கத்திலும் இல்லை. அது தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தக் கேட்டதாம். 1883இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டக்கோவை. யாரும் யாரையும் கட்டிக்கொள்வது பற்றிப் பேச்சே கிடையாது. யாரை மறியலில் போடுவது என்பதுதான் பேச்சு. 1995இல் அந்தப் பிரிவைத் திருத்தப் போனவர்கள், ஆண்களுக்கு மட்டும் இருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் பொருந்துகிற மாதிரி ஆக்கிவிட்டு எழும்பியிருக்கிறார்கள். இந்த விசயத்தில் நம் நாடு கொடுத்த சமத்துவம் அது.

“உயர் நீதிமன்றமே அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு சொல்லிட்டு, டாடி. சபாநாயகர் மே 9ஆம் திகதி பாராளுமன்றத்தில வாசிச்சார்,” என்றாள். நான் நீதிமன்றத்தையும் எதிர்க்கத் தயாரானேன். தேவை வரவில்லை. சட்டமூலம் அப்படியே கிடந்து, 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதோடு சேர்ந்து போய்விட்டது. நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருக்கவே தேவையில்லை. இந்த நாட்டில் ஒன்று நடக்காமல் இருக்க நாம் கஷ்டப்பட வேண்டியதில்லை.

மகள் விடவில்லை. அவள் தாய்க்கு ஒரு செய்தியை வாசித்துக் காட்டினாள், எனக்குக் கேட்கிற சத்தத்தில். 2023 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு பேட்டியில், ஓரினச்சேர்க்கையாளராக இருப்பது குற்றம் அல்ல என்று சொல்லியிருக்கிறார். பாவம் வேறு, குற்றம் வேறு என்று பிரித்தும் இருக்கிறார். அப்படியான சட்டங்களை ஆதரிக்கிற ஆயர்களும் மனம்மாற வேண்டும் என்றாராம். ஆயர்களுக்கே அப்படி என்றால் முதல் வாசகம் வாசிக்கிறவன் கதி என்ன? எங்கள் ஹோலில் பாப்பரசர் படம் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் முனிவரைப் புனிதராக்கிய பூசைக்குப் போய், தூரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளியைப் பார்த்துக் கும்பிட்டவன் நான். அவர் மேல் எனக்கிருந்த பக்தி அந்தத் தூரத்துக்குச் சரியாக இருந்தது.

ஃபாதரிடம் போனேன். அவராவது என் பக்கம் நிற்பார் என்று. “கல்யாணத்தைப் பற்றின படிப்பினை மாறல்ல. ஆணும் பெண்ணும்தான்,” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “ஆனா மறியலில போடச் சொல்லி நாங்க எங்க சொன்னம்?” என்றும் கேட்டார். பிறகு 2023 டிசெம்பரில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணத்தைச் சொன்னார். அப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் வந்து கேட்டால் குருவானவர் ஆசீர்வாதம் கொடுக்கலாம். கல்யாணச் சடங்கு மாதிரி மட்டும் இருக்கக்கூடாது. பத்துப் பதினைந்து வினாடிக்குள் முடிகிற காரியம் என்று அடுத்த மாதமே விளக்கமும் வந்ததாம். என் ஸ்கூட்டரை மந்திரிக்க ஃபாதர் அதைவிடக் கூட நேரம் எடுத்தார்.

இவ்வளவுக்கும் பிறகு நானாவின் மேசையில் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “ஆதி தொட்டு கல்யாணம் எண்டா ஒண்டுதான்!” மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதையே சொல்ல, மகள் சிரித்தாள். நானா கட்டியது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில். மாத்தையா கேகாலைக்காரர், அவர் பதிந்தது 1952ஆம் ஆண்டு கண்டியச் சட்டத்தில். நான் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில். கல்யாணம் ஒன்றுதான் என்று மேசையில் அடித்த மூன்று பேரும் மூன்று சட்டத்தில் கட்டியவர்கள். மேசை மட்டும்தான் ஒன்று.

மனைவி அதுவரை பேசவில்லை. அவள் வெள்ளவத்தை, சைவக் குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு ஆண்டகையிடம் அனுமதிக் கடிதம் எடுக்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். என் தாய்மாமன், இது கல்யாணமே இல்லை, நான் வரமாட்டேன் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். “என்ட பேரில கையெழுத்து வச்ச தாளில என்ன எழுதியிருந்திச்சு?” என்று கேட்டாள். சொன்னேன். “உங்கட மாமாட வசனம்,” என்றாள். அன்று இரவு சாப்பாட்டுக்கு வெறும் பாண்.

இப்படி எல்லாப் பக்கமும் ஓட்டை விழுந்த கருத்தோடு 2025 மே மாதம் மாநகர சபைத் தேர்தலைச் சந்தித்தேன். எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வேட்பாளர் வந்தார். மழை பெய்தால் ரேடியோவில் நாகலகம் வீதி நீர்மட்டம் எத்தனை அடி என்று சொல்வார்களே, அதைக் கேட்டுவிட்டுச் சாமான் மேலே தூக்குகிற ஊர் எங்களுடையது. களனி கங்கை வராவிட்டாலும் கான் அடைத்து வரும். பக்கத்து வீட்டு அக்கா கானைக் காட்டினார். ஒருவர் குப்பை லொறியைக் கேட்டார். ஒரு கிழவி வீட்டு உறுதியைக் கேட்டார். வேட்பாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, என் பக்கம் திரும்பினார். “அங்கிளுக்கு?”

நான் தொண்டையைச் செருமினேன். “ஒருபாலினத் திருமணம் பற்றி உங்கட நிலைப்பாடு என்ன?”

அவர் கூட வந்த பொடியனைப் பார்த்தார். பொடியன் கையில் இருந்த நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தான். “அது மாநகர சபைக்கு வராது, அங்கிள்,” என்றான் மரியாதையாக. அக்கா குறுக்கே வந்தார். “இவரை விடுங்க தம்பி. நீங்க கானைப் பாருங்க.” எல்லாரும் கானைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது.

உலகம் அழியும் என்ற ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. நேபாளத்தில் 2023 நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் முதல் பதிவு நடந்தது. நேபாளம் அப்படியே இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் அங்கீகாரம் கொடுக்க மறுத்தது. இந்தியாவும் அப்படியே இருக்கிறது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23இல் சட்டமாகவே வந்தது. எங்கள் ஒழுங்கையில் பாங்கொக் போய் உடுப்பு எடுத்து வந்து புறக்கோட்டையில் விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். அதற்குப் பிறகு போய் வந்தவரிடம் நாடு எப்படியிருக்கிறது என்று இரகசியமாகக் கேட்டேன். “பாத் ஏறிட்டு, அண்ணன். டெனிம்ல ஒண்டும் மிஞ்சாது,” என்றார்.

அந்த வருசம் செப்டெம்பரில் இந்தப் பேச்சு திரும்பவும் வந்தது. சுற்றுலா அதிகாரசபை எல்.ஜி.பி.டி. பயணிகளை வரவேற்கும் திட்டமொன்றுக்கு ஆதரவு கொடுத்ததாகச் சேதி. கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை பகிரங்கமாகக் கண்டித்தார். கோயில் வாசலில் என்னைச் சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க. “வாசிச்சுப் பார்த்திட்டுச் சொல்றன்,” என்றேன். ஒருவர் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தார். வாசிக்கவில்லை, அது வேறு விசயம்.

இதற்கிடையில் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. பொடியன் மெதடிஸ்ட். திரும்பவும் ஆண்டகை, திரும்பவும் அனுமதிக் கடிதம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்கு அந்த வீட்டில் வாக்குரிமையும் இல்லை. ஆர்கனுக்கு ஆள் பேசுவது மட்டும் என் பொறுப்பு என்று மனைவி சொல்லிவிட்டாள், வேண்டுமென்றே.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனேன். சிநேகிதர் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தார். ஆர்கன்காரர் டயரியை எடுத்துத் திகதி பார்த்தார், குறித்துக்கொண்டார், ரேட் சொன்னார். போன மாதம் மச்சான் மகளின் கல்யாணத்துக்கு வாங்கியதைவிட ஐயாயிரம் கூட. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன்.

“முற்பணத்துக்கு ஒரு கையெழுத்து வேணும், அங்கிள்,” என்று பில் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார். மை இருந்தது. பேரம் பேசாமல் வைத்துவிட்டு வந்தேன்.