முன்வரிசையார்

இசை ரசிகர்களை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் பெருந்திரளையே நோக்குகின்றனர். மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கையசைத்து ஆடுவது எளிதில் கண்ணில் படுவதால், அறுபது நாற்காலிகளுக்குள் அடங்கும் கூட்டத்தில் மட்டுமே முழு வளர்ச்சி பெறும் ஓர் அரிய வகையினர் அவர்களுடைய கவனத்துக்குத் தப்பிவிடுகின்றனர். பிலிமத்தலாவை, கடுகண்ணாவை, பேராதனை எனக் கொழும்பு–கண்டி வீதியை ஒட்டி அமைந்த ஊர்களிலும் கண்டி நகரிலும் நடைபெறும் சிற்றரங்க நிகழ்ச்சிகளில், அதாவது ஒரு பாடகர், ஒரு கிற்றார், ஒரு கீபோர்ட், உட்கார்ந்தபடியே தட்டப்படும் கஹோன் என்னும் மரப்பெட்டி ஆகியவற்றோடு, மேடை என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லாமல் நடக்கும் நிகழ்ச்சிகளில், இவ்வகையினரை நேரில் காணலாம். பாடகரின் முழங்காலுக்கும் தம் முழங்காலுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி மட்டும் விட்டு அமர்பவர் என்பதால், இவரை முன்வரிசையார் என்று குறிப்பிடுவது பொருந்தும்.

முன்வரிசையாரின் இயல்பை விளங்கிக்கொள்ள, அவர் கேட்டு வளர்ந்த வானொலியிலிருந்து தொடங்க வேண்டும். 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள், படம், பாடியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று ஒரு பாடலின் வம்சாவளியைச் சொல்லிவிட்டே இசைத்தட்டைச் சுழலவிட்டனர். காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே பாடசாலைக்குப் புறப்பட்ட தலைமுறைக்குப் பாடல் வேறு, விவரம் வேறு என்று பிரித்துக் கேட்கும் பழக்கமே வரவில்லை. அறிவிப்பாளர்களான கே. எஸ். ராஜாவின் வேகமும் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் முன்வரிசையாரின் தொண்டையில் இன்றும் குடியிருக்கின்றன. ஆகவே கிற்றாரில் முதல் நாலைந்து சுரங்கள் விழுந்த மாத்திரத்திலேயே, பாடகர் வாய் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலிக்காரருக்கு எல்லா விவரமும் வந்து சேர்ந்துவிடுகிறது. சிற்சில வேளைகளில் முன்வரிசையார் சொன்ன பாட்டு ஒன்றாகவும் பாடகர் தொடங்கிய பாட்டு வேறொன்றாகவும் அமைந்துவிடுவதுண்டு. அப்போது பாடகர் மெட்டை மாற்றிவிட்டதாகவே அவர் கருதுகிறார்.

பொப் பாடல்கள் வரும்போது இவருடைய புலமை உச்சத்தை அடைகிறது. பொப் இசை என்பது இங்கே 1970களில் இலங்கைத் தமிழரிடையே பரவிய, பேச்சுத்தமிழில் அமைந்த துள்ளல் பாடல்களைக் குறிக்கும். போர்த்துக்கேயர் வழிவந்த பைலா என்னும் ஆட்டப்பாட்டின் தாளம் இவற்றில் பலவற்றுக்கு அடித்தளமாக இருந்தது. நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியே, ஏ. ஈ. மனோகரனின் சுராங்கனி ஆகியவை இல்லாமல் இப்பகுதியில் ஒரு சிற்றரங்க நிகழ்ச்சி நிறைவடைவது அரிது. சுராங்கனி இளையராஜாவின் இசையில் 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற திரைப்படத்திலும் ஒலித்ததால், இளம் பாடகர் ஒருவர் அறியாமல் மூலத்தின் ஓரடியையும் திரைவடிவத்தின் ஓரடியையும் கலந்து பாடிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அவ்வாய்ப்புக்காகவே முன்வரிசையார் காத்திருக்கிறார். கூட்டம் முழுவதும் கைதட்டி ஆடிக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் ஆள்காட்டி விரலை உயர்த்தி, மெதுவாக இடமும் வலமும் அசைக்கிறார்.

இவரைத் தமிழ்ப் பாடல்களோடு மட்டும் நின்றுவிடுபவர் என்று எண்ணிவிடக் கூடாது. சிங்களமும் தமிழும் ஒரே பஸ் இருக்கையில் பேசப்படும் இவ்வட்டாரத்தில், பக்கத்து வீட்டுச் சிங்கள அன்பர் பழைய எம்.ஜி.ஆர். பாடலை முணுமுணுப்பதும், தமிழ் அன்பர் சிங்களப் பாடகர் அமரதேவாவின் பாடலைத் தவறின்றிப் பாடுவதும் வியப்புக்குரியன அல்ல. பிலிமத்தலாவையை அடுத்துள்ள கடுகண்ணாவையில் 1942 இல் பிறந்த சிங்களப் பாடகர் விக்டர் ரத்நாயக்க முன்வரிசையாரின் கணக்கில் ஊர்க்காரர். ரத்நாயக்க 1973 இல் கொழும்பில் தொடங்கிய 'ஸ' என்ற நிகழ்ச்சி, ஒரே பாடகர் தம் பாடல்களைக் கொண்டே ஒரு மாலை முழுவதையும் நிறைக்கும் முறையை இலங்கையில் வேரூன்றச் செய்து, பிற்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் அரங்கேறியது. ஏழு சுரங்களில் முதலாவதைப் பெயராகக் கொண்ட அந்நிகழ்ச்சி, பாட்டு முடியும்வரை வாய்மூடிக் கேட்க வேண்டும் என்ற ஒழுக்கத்தையும் சிங்கள ரசிகருக்குப் பழக்கியது. முன்வரிசையார் இதை மிகுந்த பெருமையோடு, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, அயலவருக்கு விளக்குவார்.

பெரிய மைதானத்தில் இவர் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. அங்கே பாடகர் கட்டைவிரல் அளவில் தெரிவதாலும், ஒலிபெருக்கியின் இரைச்சலில் தம் திருத்தங்கள் தமக்கே கேட்காது என்பதாலும், பின்வரிசையில் கடலை கொறித்துவிட்டு அமைதியாக வீடு திரும்புகிறார். அரங்கு சுருங்கச் சுருங்கவே இவர் விரிகிறார். பிலிமத்தலாவைக்கு அண்மையில், கதிர்காமத் தெய்வத்துக்குரிய எம்பெக்கே தேவாலயத்தின் மேளக்காரர் மண்டபத்தில், செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத்தூண்களைக் காணச் செல்வோருக்கு வழிகாட்டிகள் கூரையையும் காட்டுவதுண்டு. மதொல் குருப்பாவ எனப்படும் ஒற்றை மர ஆணி 26 கைமரங்களின் முனைகளையும் ஒருங்கே பிடித்து நிறுத்துகிறது. சிற்றரங்கில் தாம் வகிக்கும் இடமும் அத்தகையதே என்பதில் முன்வரிசையாருக்கு ஐயம் இல்லை. தாம் தலையசைப்பதை நிறுத்தினால் கஹோன்காரர் தாளம் தப்பிவிடுவார் என்று அவர் மெய்யாகவே அஞ்சுகிறார். அந்த அச்சத்தினாலேயே இடைவேளையில்கூடக் கழிப்பறைக்குச் செல்லத் தயங்குகிறார்.

பாடகரின் நிலையும் ஆராயத்தக்கது. மேடை விளக்கின் கூச்சத்தில் கூட்டம் இருளாகத் தெரியும் பேரரங்கில் அவருக்கு ஒரு மறைப்பு உண்டு, இங்கே குழல்விளக்கு எல்லோர் மேலும் ஒரே அளவில் எரிவதால், தண்ணீர் குடிப்பதற்குப் போத்தலை எடுத்தாலும் முன்வரிசையார் "குளிர்தண்ணியா அங்கிள்... தொண்டை கவனம்" என்கிறார். வயதில் தம்மைவிட இளைய பாடகரையும் அங்கிள் என்று அழைப்பது மரியாதையின் மிகுதி. கண்ணை மூடிக்கொண்டு பாடுவதே தப்பிக்கும் ஒரே வழி என்று அனுபவம் உள்ள பாடகர்கள் கண்டுகொண்டுள்ளனர். கேட்போர் அதைப் பாவத்தில் ஒன்றிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்வதால், இழப்பு ஒன்றும் இல்லை.

விருப்பப் பாடல் கேட்கும் முறையிலும் பழைய வானொலியின் தடம் தெரிகிறது. அஞ்சலட்டையில் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் எழுதி நேயர் விருப்பத்துக்கு அனுப்பிய கை, இப்போது பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் பாடலின் முதலடி, படம், பாடியவர் ஆகியவற்றை நெருக்கி எழுதி, சுரவரிசைத் தாள் வைக்கும் தாங்கியின் மேல் தானே கொண்டுபோய் வைக்கிறது. அவர் கேட்பது பெரும்பாலும் எவரும் ஒத்திகை பார்த்திராத, இசைத்தட்டின் மறுபக்கத்தில் கிடந்த பாடலாகவே இருக்கும். பாடகர் இரு கைகளையும் கூப்பி "அடுத்த முறை கட்டாயம்" என்றால், அந்த மறுப்பே முன்வரிசையாருக்குப் பெரும் நிறைவைத் தருகிறது. பாடியிருந்தால் அவருடைய அறிவு எல்லோர்க்கும் பொதுவாகிப் போயிருக்கும்.

கையடக்கத் தொலைபேசி வந்தபின் இவருடைய பொறுப்பு இரட்டித்துள்ளது. முதற்பாட்டிலிருந்தே அதை நெஞ்சுயரத்தில் பிடித்துப் பதிவுசெய்யும் இவர், ஒரு முழ தூரத்தில் இருக்கும் பாடகரை உள்ளங்கையளவுத் திரையிலேயே பார்க்கிறார். பின்னர் போட்டுக் கேட்டால், அப்பதிவில் பாடகரின் குரலைவிட முன்வரிசையாரின் "ஆகா"வும் கூடவே பாடிய குரலும்தான் தெளிவாகக் கேட்கும். வெளிநாட்டிலுள்ள மைத்துனருக்கு இதை அனுப்பும்போது, ஒலி சற்றுக் குறைவு என்று ஒரு குறிப்பும் சேர்க்கிறார்.

கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க மற்றவர்கள் கதவோரம் நகரும் வேளையில் இவர் "இன்னும் ஒன்று" என்று குரல் கொடுக்கிறார். உடன் அழைத்துவரப்பட்ட மருமகப் பிள்ளை மட்டும், அக்குரலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்பது போல, சுவரிலுள்ள நாட்காட்டியை வாசித்துக்கொண்டிருப்பார்.

இத்தகையவரைக் கையாளும் கலையில் முதலிடம் ஒலி அமைப்பாளருக்கே உரியது. மிக்சர் எனப்படும், ஒலிவாங்கிகளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியருகே முன்வரிசையார் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இரண்டு முறையேனும் வந்து, "தம்பி, ட்ரெபிள் கொஞ்சம் கூட... காதைக் குத்துது" என்பார். தேர்ந்த அமைப்பாளர் மறுத்துப் பேசுவதில்லை. எந்தக் கருவியோடும் இணைக்கப்படாத பன்னிரண்டாவது குமிழைக் கவனத்தோடு இடப்பக்கம் சிறிது திருப்பிவிட்டு, அவருடைய முகத்தைப் பார்க்கிறார். முன்வரிசையார் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு சரணம் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "இப்பதான் தம்பி சரி. இந்தக் குமிழை இனி யாரும் தொடாமப் பாத்துக்கங்க."