பெட்டியின் பெட்டிகள்

கே: அதே குழு, அதே பாட்டு. 'கிரேட்ஃபுல் டெட்' ராக் குழுவின் ரசிகர்கள் பழைய கச்சேரிப் பதிவுகளை ஏன் இப்படி மலைமலையாகச் சேர்க்கிறார்கள்?

ப: அதே கடல்தான். ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிட்டீர்களா?

இந்தக் குழு மேடையேறிய ஒவ்வொரு இரவும் பாட்டு வரிசை மாறும், வாசிப்பும் மாறும். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியைக் கேளுங்கள். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' எங்கே முடிந்து 'ஃபயர் ஆன் த மவுன்டன்' எங்கே தொடங்கியது என்று பிடிபடாது. சுமார் 25 நிமிடம், சொக்கிப்போவீர்கள்!

கே: ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்வது திருட்டு இல்லையா?

ப: திருடனுக்கு யாராவது இடம் ஒதுக்கித் தருவார்களா? இந்தக் குழு தந்தது. 1984 முதல் பதிவு செய்வோருக்கென்றே அரங்கில் தனிப் பகுதி, தனி டிக்கெட். அங்கே மைக்குகள் கம்பு கம்பாக நிற்கும்.

பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அந்தக் காலத்தில் காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால், முகம் தெரியாத ரசிகர் பிரதி எடுத்து அனுப்பிவிடுவார். எனக்கு அந்தக் குழுவிடம் மிகப் பிடித்தது இதுதான்.

கே: கார்னெல் கச்சேரியைப் பதிவு செய்தவர் யார்?

ப: பெட்டி கேன்டர்-ஜாக்சன், குழுவின் ஒலிப்பதிவாளர். கிடங்கு வாடகை பாக்கிக்காகப் பெட்டியின் நாடாப் பெட்டிகள் 1986இல் ஏலத்துக்குப் போயின. அவருடைய கார்னெல் பதிவு பிற்பாடு அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. 2017இல்தான் அதிகாரபூர்வ ஆல்பமாக வந்தது. அதற்குள் கேசட் பிரதிகளிலேயே ஒரு தலைமுறைக்கு அது மனப்பாடம்!